இறுகிய திருகாணியும் முரட்டு விசையும்: ஒரு மறுப்பு

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் சுங்காய், பீடோர், தாப்பா ஆகிய ஊர்களின் மோட்டார் சைக்கிள் பட்டறைகளிலும், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களின் இயந்திரக் கொட்டகைகளிலும், கழற்ற வராத திருகாணியைப் பற்றி ஒரு கருத்து நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. திருகாணி வரவில்லை என்றால் கொடுத்த விசை போதவில்லை என்று பொருள். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீட்டினால் வரும். அதற்கும் வராவிட்டால் சுத்தியலால் அடித்தால் வரும். சூடு காட்டினால் பாகம் கெட்டுவிடும், எண்ணெய் தெளித்தாலே போதும். இத்தனை தொல்லைக்கும் காரணம் மரையில் பசை தடவிப் பூட்டியவனே, ஆகவே அந்தப் பசையைத் தொடவே கூடாது என்பது அந்தக் கருத்தின் சாரம். இதன் ஒவ்வொரு கூறும் தவறு என்பதும், அந்தத் தவற்றின் விலையைச் சொந்தமாக ஒரு வண்டியை மட்டுமே நம்பிப் பிழைக்கும் எளிய மக்களே கொடுக்கிறார்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

எந்தக் கருத்தும் காரணமின்றி வேரூன்றுவதில்லை. இதற்கும் ஒரு நியாயமான பிறப்பிடம் உண்டு. ரப்பர்ப் பாலை உறையாமல் காக்க அம்மோனியாவும், உறைய வைக்கப் பார்மிக் அமிலமும் நாள்தோறும் புழங்கிய தோட்டத்து ஆலைகளில், ரப்பர்த் தாளை உருட்டும் இயந்திரங்களின் போல்ட்டுகள் அரிக்கப்பட்டுத் துருவேறி இறுகுவது வழக்கமான நிகழ்ச்சியாக இருந்தது. பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப்பொருளாக நிற்கும், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை வெள்ளீயம் தோண்டிய, ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள மிதவைக் கப்பலும் அத்தகைய பெரும் இயந்திரங்களின் காலத்துக்கு உரியதே. கட்டைவிரல் பருமனுள்ள போல்ட்டுகள் நிறைந்த அந்த உலகில் நீண்ட கோலும் கனத்த சுத்தியலும் பலன் தந்தன. இருபது மில்லிமீட்டர் போல்ட்டை முறிக்க நூற்றுக்கணக்கான நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும் என்பதால், ஓர் ஆள் முழு பலத்தோடு இழுத்தாலும் அது பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. பெரிய போல்ட்டில் கற்ற பாடத்தைச் சிறிய திருகாணிக்கும் அப்படியே பொருத்தியதில்தான் பிழை தொடங்கியது.

முறுக்கு விசை என்பது சுழற்றும் விசையின் அளவு. அது கோலின் நீளத்தையும் அதன் முனையில் அழுத்தும் பாரத்தையும் பெருக்கிக் கிடைப்பது. ஒரு திருகாணி முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மூன்றாம் படியை ஒட்டி மாறுகிறது; அதாவது விட்டம் பாதியானால் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஐஎஸ்ஓ தரக்குறிப்பின்படி, 8.8 என்று தலையில் பொறித்த ஆறு மில்லிமீட்டர் திருகாணி முறியாமல் தாங்க வேண்டிய குறைந்தபட்ச முறுக்கு 13 நியூட்டன் மீட்டர். அதே தரத்து மூன்று மில்லிமீட்டர் திருகாணிக்கு அது 1.5 நியூட்டன் மீட்டர் மட்டுமே. ஆறு மில்லிமீட்டர் திருகாணியை முறையாக இறுக்குவதற்கே ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் தேவைப்படுவதால், பூட்டும் அளவுக்கும் முறியும் அளவுக்கும் இடையே எஞ்சுவது மிகக் குறுகிய இடைவெளி என்பது இந்தக் கணக்கிலேயே வெளிப்படுகிறது.

இதைக் கையில் கருவியோடு நிற்பவரின் நிலையிலிருந்து பார்த்தால் ஆபத்து இன்னும் தெளிவாகும். பதின்மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் பத்துக் கிலோ பாரத்துக்கு ஈடாக அழுத்தினால், அந்த ஆறு மில்லிமீட்டர் திருகாணி முறியக்கூடிய எல்லையை எட்டிவிடுகிறது. ஸ்பேனரில் குழாயைச் செருகி நாற்பது சென்டிமீட்டர் ஆக்கினால் மூன்றரைக் கிலோவுக்கும் குறைந்த அழுத்தமே அதற்குப் போதும். மூன்றரைக் கிலோ என்பது வளர்ந்த ஒருவரின் கை பெரிதாக உணராத பாரம். ஆகவே நீட்டிய கோல் திருகாணி எப்போது நெகிழத் தொடங்குகிறது என்ற தகவலைக் கைக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. தலை முறிந்து தனியே வந்த பிறகுதான் செய்தி தெரிகிறது. அப்போது எளிய வேலையொன்று துளையிட்டு, முறிந்த துண்டைத் தோண்டி, மரையைப் புதிதாக வெட்டும் நாள்முழு வேலையாக மாறிவிட்டிருக்கும்.

விசைவாதத்தின் அடிப்படைக் குறை, இறுக்கம் என்பது ஒரே வகை என்று எண்ணுவதே. உண்மையில் ஒரு திருகாணியை மூன்று வேறு காரணங்கள் பிடித்து வைக்கின்றன. முதலாவது துரு, இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேல் பெருகுவதால், மரைகளின் நடுவே ஆப்பு அடித்ததுபோல் அது அடைத்துக்கொள்கிறது. இரண்டாவது, வேறுபட்ட இரு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவற்றுள் ஒன்று அரிக்கப்படுவது. அலுமினியத்துக்குள் எஃகுத் திருகாணி பூட்டப்பட்ட இடங்களில் மழையும் ஈரக்காற்றும் ஓயாத பேராக் சமவெளியில் இது விரைவாகவே நிகழ்கிறது. மூன்றாவது, மரையை அதிர்வில் கழலாமல் காக்க வேண்டுமென்றே தடவிய பூட்டுப் பசை, அதாவது பட்டறைகளில் லாக்டைட் என்ற வணிகப் பெயராலேயே அறியப்படும் திரவம். மூன்றும் கைக்கு ஒரே மாதிரி இறுக்கமாகத் தோன்றினாலும், ஒன்றை வெல்லும் வழி மற்றொன்றிடமும் பலிக்கும் என்பதில்லை.

தோட்டப்புறங்களில் பரவலாக ஓடும் கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளிலேயே இந்த வேறுபாட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். கைப்பிடியின் மேல் பிரேக் எண்ணெய் நிற்கும் சிறு கிண்ணத்தின் மூடியை இரண்டு சிறு திருகாணிகள் பிடித்திருக்கின்றன. கிண்ணம் அலுமினியம், திருகாணி எஃகு, ஈரமும் பிரேக் எண்ணெயும் மரைக்குள் இறங்கும் இடம் அது. அதே வண்டியின் முன்சக்கரத்தில் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பூட்டுப் பசை தடவி முடுக்கப்பட்டவை. கிண்ணத்து மூடித் திருகாணி அரிப்பினால் இறுகியது, தட்டின் போல்ட்டு பசையினால் இறுகியது. முதலாவதுக்கு ஊடுருவும் எண்ணெயும் பொறுமையும் மெல்லிய தட்டலும் மருந்து, இரண்டாவதுக்கு வெப்பமே மருந்து. இரண்டையும் ஒரே குழாயால் நெம்புபவர் இரண்டிலும் தலையைத் தேய்த்துவிட்டு, பொருள் மோசம் என்று முடிவு கட்டுகிறார்.

பூட்டுப் பசையின் இயல்பை அறிந்தால் வெப்பம் ஏன் வேண்டும் என்பது விளங்கும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் உருவாக்கிய இத்திரவம், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருந்து, ஆக்சிஜன் இல்லாத மரையிடுக்கில் உலோகத்தைத் தொட்டிருக்கும்போது பிளாஸ்டிக்காக இறுகும் இயல்புடையது. அதனால்தான் அது குப்பியில் கெடாமல் இருக்கிறது, குப்பியிலும் காற்றுக்கு இடம் விட்டே நிரப்புகிறார்கள். இறுகிய பின் அது எண்ணெயால் கரைவதில்லை, ஏனெனில் எண்ணெயில் மூழ்கிய பல்சக்கரப் பெட்டிகளிலும் நீடிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது உருகும் வகைப் பிளாஸ்டிக்கும் அன்று. ஆனால் சூடு ஏற ஏற மென்மையடைகிறது, ஆறியவுடன் வலிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வலிமை மிக்க சிவப்பு வகையைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும் என்றே உற்பத்தியாளர் கூறுகிறார். நடுத்தர நீல வகை பெரும்பாலும் கைக்கருவிக்கே வந்துவிடுமாயினும், சிறிய திருகாணியில் அதற்கும் வெப்பம் துணை வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் நிறத்தைத் தானே தேர்ந்துகொள்வதால், நிறத்தைக் கண்டே வலிமையை முடிவுசெய்வதும் பிழையாகும்.

ஆகவே, சூடு காட்டினால் பாகம் கெட்டுவிடும் என்ற கூற்று முழுமையும் தவறு அன்று. சூடு எங்கே, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கேளாமல் சொன்னதுதான் தவறு. எரிவாயு டார்ச்சின் தீயைப் பிரேக் தட்டில் காட்டினால் அருகிலுள்ள ரப்பர் வளையங்களும் மசகும் பாழாகும். பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும் உள்ள இடத்தில் தீயைக் கொண்டு போவது உயிருக்கே ஆபத்து. ஊடுருவும் எண்ணெய் தெளித்த இடத்தில் துடைக்காமல் சூடு வைப்பதும் தீயை வரவழைப்பதே. ஆனால் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் நுனியைத் திருகாணித் தலையின் நடுவே வைத்து ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தினால், முந்நூறு பாகைக்கு மேல் சூடேறிய அந்த நுனியின் வெப்பம் திருகாணியின் தண்டு வழியே நேராக மரைக்கு இறங்குகிறது. சுற்றியுள்ள உடல் அதில் ஒரு பங்கைத்தான் பெறுகிறது. மேலும், ஒரு பாகை சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், அலுமினிய உடல் தானும் சூடேறும்போது துளை திருகாணியைவிட அதிகம் அகன்று பிடியைத் தளர்த்துகிறது.

இக்கருத்தைச் சோதிக்க மிகக் கடுமையான உரைகல் கைத்துப்பாக்கியின் மேல் பூட்டப்படும் ஒளிக்குறிக் கருவி, அதாவது இலக்கின்மீது ஒளிப்புள்ளியைக் காட்டும் சிறு கண்ணாடிக் கருவியாகும். மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பதும் பழுதுபார்ப்பதும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் உரிமத்துக்கு உட்பட்டவை என்பதால் இது உரிமம் பெற்றோருக்கும் பாதுகாப்புப் படையினருக்குமே உரிய வேலை. எனினும் சிறு திருகாணியின் எல்லாச் சிக்கலும் இங்கே ஒன்றுகூடுவதால் இதன் பாடம் எல்லோருக்கும் பயன்படும். அதைப் பூட்டும் திருகாணிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமன் உள்ளவை, இறுக்கச் சொல்லும் அளவு பெரும்பாலும் 1.5 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்பது, ஒவ்வொரு சுடுதலின் அதிர்ச்சியும் அவற்றைத் தளர்த்த முயல்வதால் பசை தவிர்க்க முடியாதது, அருகிலோ வெப்பம் தாங்காத மின்சுற்றும் கண்ணாடியை ஒட்டிய பசையும் உள்ளன. நீண்ட கோலும் சுத்தியலும் இங்கே கருவியை உடைக்கும். பெருந்தீ கண்ணாடியை உதிர்க்கும்.

அங்கே பலன் தரும் வழி இதுவே. முதலில் குண்டுப்பெட்டியை நீக்கி, அறையில் குண்டு இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, கருவியின் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். திருகாணித் தலையின் குழியிலுள்ள அழுக்கையும் காய்ந்த பசையையும் ஊசியால் சுரண்டி, அந்தக் குழிக்குச் சரியாகப் பொருந்தும் புதிய பிட்டை முழு ஆழத்துக்கு அமர்த்த வேண்டும். பின்னர் சூட்டுக்கோலின் நுனியைத் தலையில் மட்டும் சிறிது நேரம் வைத்து எடுத்து, மேலிருந்து அழுத்தியபடி மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் விசையைக் கூட்டாமல் சூட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும், கருவியின் உடல் கை பொறுக்காத சூட்டை எட்டினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். அசைந்த பிறகும் ஒரே மூச்சில் கழற்றாமல், முன்னும் பின்னும் திருப்பி, உதிர்ந்த பசைத் துகள் மரையை அடைக்காமல் வெளியேற்ற வேண்டும். இந்த முறையில் எங்கும் உடல் வலிமை கேட்கப்படவில்லை; கேட்கப்படுவது கவனமே.

எண்ணெய் எல்லாவற்றையும் கழற்றிவிடும் என்ற நம்பிக்கையும் இதே சோதனையில் விழுகிறது. பட்டறைதோறும் காணப்படும் டபிள்யூடி-40, கிரீபிளின் பசை பிறந்த அதே 1953இல் சான் டியாகோவில் உலோகத்திலிருந்து நீரை விலக்கவே உருவாக்கப்பட்டது. அதற்கு நல்ல பயன்கள் பல உண்டு, ஆனால் இறுகிய பசையைக் கரைப்பது அவற்றுள் ஒன்று அன்று. துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் பலிக்கிறது என்றாலும் தெளித்த மறுநிமிடமே அல்ல. நுண்ணிய இடுக்கில் அது இறங்க மணிக்கணக்கு வேண்டும், இடையிடையே தலையை மெல்லத் தட்டினால் துரு வெடித்து வழி திறக்கும். எது துரு, எது பசை என்று பிரித்தறிவதும் கடினம் அன்று: செம்பழுப்புத் தூள் இரும்புத் துருவைக் காட்டும், வெள்ளைத் தூள் அலுமினிய அரிப்பாகவும் இருக்கலாம், உதிர்ந்த பசையாகவும் இருக்கலாம், பல பூட்டுப் பசைகள் கள்ளநோட்டைச் சோதிக்கும் ஊதாக்கதிர் விளக்கில் ஒளிர்வதால், மலிவான அந்த விளக்கே ஐயத்தைத் தீர்த்துவிடும்.

திருகாணி வரவில்லை என்று சொல்லப்படும் பல நேர்வுகளில் உண்மையில் தோற்றது மரை அன்று, தலைக்குழியே. ஜப்பானிய வண்டிகளின் சிலுவைக் குழித் திருகாணிகள் ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1930களில் காப்புரிமை பெற்ற சிலுவைக் குழியோடு பார்வைக்கு ஒத்திருந்தாலும் அவற்றின் வளைவுகள் வேறு. பிலிப்ஸ் பிட்டை ஜப்பானியக் குழியில் வைத்தால் அது அடிவரை அமராமல், திருப்பும்போது மேலே ஏறிச் சறுக்கி, குழியின் விளிம்பைச் சீவிவிடுகிறது. பிரேக் கிண்ணத்து மூடித் திருகாணிகளின் சீவப்பட்ட தலைகள் பலவும் இப்படியே உண்டானவை. சுத்தியலால் அடிக்கும்போது கீழே அழுத்தியபடியே சற்றுத் திருகும் இம்பாக்ட் டிரைவர் என்னும் கைக்கருவி இங்கே உதவுவதால், அடி பலித்தது என்று விசைவாதிகள் வாதிடலாம்; ஆனால் அது பலிப்பது பிட்டைக் குழியை விட்டு எழாமல் அழுத்திவைப்பதாலும், சரியான பிட்டோடு சேரும்போதுமே ஆகும்; தவறான பிட்டோடு அதே அடி தலையை ஒரே நொடியில் வழித்துவிடும்.

இனிக் கடைசிக் கூறு: பசையைத் தொடவே கூடாது என்பது. 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் வெளியிட்ட ஆய்வு, பக்கவாட்டில் அசையும் அதிர்வில் முறையாக இறுக்கிய போல்ட்டும் தானே சுழன்று கழன்றுவிடும் என்பதை நிறுவியது. அந்த வகைச் சோதனையில் பலரும் நம்பியிருந்த சுருள் வாஷரும் காப்பாற்றவில்லை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோடு மண்பாதையில் ஓடும் கப்சாயும், செம்பனைக் காட்டில் நாள்முழுதும் இரைந்து அதிரும் புல்வெட்டும் இயந்திரமும் அத்தகைய அதிர்வின் நடுவிலேயே வாழ்கின்றன. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்னும்போது, பிரேக் தட்டின் போல்ட்டில் பசை வேண்டாம் என்று அறிவுரை கூறுவது பொறுப்பற்ற செயலாகும். உண்மையான குறை பசையில் இல்லை, அளவிலும் வகையிலும் உள்ளது: சிறு திருகாணிக்கு வலிமை குறைந்த வகையில் ஒரு துளியே போதும், மரையை முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும், பசை தேவைப்படாத, எஃகு அலுமினியத்தில் பூட்டும் இடங்களில், இறுகாமல் காக்கும் மசகைத் தடவி, வழுக்கும் மரை குறைந்த முறுக்கிலேயே அதிகம் இழுபடும் என்பதால் இறுக்கும் அளவையும் குறைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பட்டறையில் நேரம் ஏது என்ற எதிர்வாதம் வலுவானது. வரிசையில் ஐந்து வண்டிகள் நிற்கும்போது சூட்டுக்கோல் சூடாகும்வரை காத்திருப்பது இழப்பாகவே தோன்றும். ஆனால் தலை வழிந்த ஒரு போல்ட்டு விழுங்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முறிந்த தண்டைத் தோண்டி எடுக்கப் பயன்படும் ஈசி அவுட் மிகக் கடினமான, அதனாலேயே எளிதில் நொறுங்கும் எஃகால் ஆனது. அது உள்ளே உடைந்தால் பட்டறைத் துளைப்பானால் அதைத் துளைக்கவும் முடியாமல், பாகத்தையே மாற்ற வேண்டி வரும். ஐந்து நிமிடச் சூட்டை மிச்சம் பிடித்த செலவு ஒரு சக்கரக் கூடாக வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது. அந்த வாடிக்கையாளர் தோட்டத்து வேலையை விட்டு நகரத் தொழிற்சாலைக்கு நாள்தோறும் அந்த வண்டியிலேயே போய்வரும் ஒருவராக இருந்தால், வண்டி நிற்கும் நாட்களின் கூலியும் அதோடு போகிறது.

இவற்றையெல்லாம்விட ஆழமான தீங்கு பயிற்சியில் நிகழ்கிறது. 1969 முதல் ஈப்போவில் இயங்கும் உங்கு உமார் பாலிடெக்னிக் போன்ற கல்விக்கூடங்களின் வாயிலை எட்டாத தோட்டப்புற இளைஞர் பலருக்குப் பட்டறையே பள்ளி. அங்கே முதல் பாடமாக இன்னும் பலமாக அடி என்று கற்றுக்கொடுப்பது, அவர்களுடைய கைத்திறனை வெறும் உடல் வலிமையாகக் குறுக்குவதாகும். மண்வெட்டியிலும் பால்வெட்டும் கத்தியிலும் நுட்பம் காட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இது இழைக்கப்படும் அநீதி. எது பிடித்திருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது, எதற்கு விடும் என்று கேட்கப் பழகியவரே எந்தப் புதிய இயந்திரத்தையும் அச்சமின்றித் திறப்பார். பட்டறை நடத்துவோர் செய்ய வேண்டியது பெரிதல்ல: ஜப்பானியப் பிட்டுகளின் தொகுதி ஒன்று, ஒரு சூட்டுக்கோல், ஓர் ஊதாக்கதிர் விளக்கு, முறுக்கை அளக்கும் ஸ்பேனர் ஒன்று ஆகியவற்றை வாங்கி வைத்து, கைக்கு வராத திருகாணியின் முன் கோலை நீட்டுவதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லும்படி பயிற்சி பெறுபவரைக் கேட்க வேண்டும். காரணத்தைச் சொல்ல முடியாத கையில் குழாயைக் கொடுக்கக் கூடாது.